ஜன்னலை அடைப்பதற்கு முன்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. காற்றூட்டும் இயந்திரம் இரவு முழுவதும் உறுமும். நாற்றத்துக்குப் பயந்து ஆறு ஆண்டுகள் சமையலறை ஜன்னலைத் திறக்கவே இல்லை. போன வாரம் கீழ்வீட்டு அக்காவும் அதே முடிவோடு வந்தார். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நாற்றத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். நான் அஞ்சுவது கழிவுநீரில் கலந்து, மூக்குக்குத் தெரியாமல் காற்றில் வரும் ஃபுளோரின் சேர்மங்களை; பிஃபாஸ் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அவற்றின் கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு அவ்வளவு எளிதில் முறியாது, அதனால் நெடுங்காலம் அழியாமல் இருக்கும்.

ஒரு வாளியில் சோப்பு நுரையை நன்றாகக் கலக்கிவிட்டு முகத்தை அருகில் கொண்டுபோங்கள். குமிழி உடைய உடைய, ஊசிமுனை போன்ற துளிகள் கன்னத்தில் படும். காற்றூட்டும் தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. சோப்பைப் போலவே பிஃபாஸ் பலவும் நீரின் மேற்பரப்பில் சேர்ந்து, அந்தத் துளிகளோடு காற்றில் ஏறிக்கொள்ளும். ஃபுளோரோடெலோமர் ஆல்கஹால் என்ற வகைக்குக் குமிழிகூட வேண்டாம், தானே ஆவியாகிவிடும். பிறகு காற்றில் சிதைந்து, பிஃபாஸில் ஒன்றான பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களாக மாறும். பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் வகைப்படுத்தியது.

ஆனால் அதே ஆல்கஹால் பெரும்பாலும் வெளிக்காற்றைவிட வீட்டுக்குள்தான் அதிகம்: கறை படியாத சோபாத் துணி, கம்பளம், நீர் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்பிரே. அதனால் ஜன்னலை நாள் முழுவதும் அடைக்காதீர்கள். நிலையத்தின் பக்கமிருந்து காற்று வீசும்போது மட்டும் அந்தப் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவையுங்கள். பால்கனிக் கம்பியில் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். திசையை அது சொல்லிவிடும்.

தூசியிலும் பிஃபாஸ் தங்கும். தரையைப் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள், தவழும் குழந்தை இருந்தால் தினமும். முகக்கவசம் துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் கரி வடிகட்டி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கறை படியாத துணி வாங்கும்போது 'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், வேறு பிஃபாஸ் இருக்கலாம். அந்தத் துணியைக் கழுவிய நீரும் கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது.

குடியிருப்போர் குழுவின் மூலம் ஒரு கடிதம் எழுதுங்கள். தொட்டிக்கு மூடி உண்டா, வெளியேறும் காற்று கரி வழியாகச் செல்கிறதா என்று கேளுங்கள். முடியாத காரியம் இல்லை. இதே கோலாலம்பூரில் பந்தாய் 2 நிலையத்தை நிலத்துக்கடியில் கட்டி, மேலே பூங்கா அமைத்திருக்கிறார்கள். எங்கள் கடிதத்தில் 17 வீடுகள் கையெழுத்திட்டுள்ளன. மீதி வீடுகளுக்கு அக்கா போயிருக்கிறார்.