“3.9க்கு மேல்” என்றால் 3.9 சேருமா? ஆவணத்தில் பதிப்பு எண் எழுதும் முறை

ஒரு நிறுவல் வழிகாட்டியில் “பைதான் 3.9க்கு மேல் தேவை” என்று (பைதான் ஒரு நிரல்மொழி, 3.9 அதன் பதிப்பு எண்) எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாளே ஒருவர் கேட்டார்: “என்னிடம் 3.9 இருக்கிறது. போதுமா, போதாதா?” எழுதிய எனக்கே பதில் தெரியவில்லை. நிரலைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன். அன்றே ஒரு தாளில் சில விதிகளைக் குறித்து வைத்தேன். முதன்முதலாக மென்பொருள் ஆவணம் எழுத உட்காருபவர்களுக்கு அந்தத் தாள் உதவும்.

படி 1: எல்லைச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் என்றால் பதினெட்டு சேருமா என்ற பழைய வழக்குதான் இது. “மேல்” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். “பிந்தைய” என்பதிலும் சிக்கல் உண்டு. 3.9 பதிப்புக்கு அடுத்த 3.10 பதிப்பு 2021 அக்டோபரில் வந்தது. அதன் பிறகும் 3.9 வரிசையில் திருத்த வெளியீடுகள் வந்துகொண்டுதான் இருந்தன. காலத்தால் பிந்தியது, எண்ணால் முந்தியது!

நான் எழுதுவது “3.9 முதல்”. இதில் 3.9 அடங்கும் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. மேல் எல்லைக்கு “3.12 வரை” என்று மட்டும் எழுதினால் சிலர் தயங்குவார்கள். “3.12 உட்பட” என்று ஒரு சொல் கூட்டினால் வேலை முடிந்தது.

படி 2: பதிப்பு எண்ணில் எத்தனை பகுதிகள் என்று முடிவு செய்யுங்கள்

புதிய வசதியைப் பற்றி எழுதும்போது இரண்டு பகுதிகள் போதும்: பைதானின் மேட்ச் (match) கூற்று 3.10 பதிப்பில் வந்தது. குறிப்பிட்ட பிழை எப்போது சரியானது என்று சொல்லும்போது மட்டும் மூன்றாவது பகுதியும் வேண்டும். தேவையில்லாமல் 3.10.4 என்று எழுதினால், 3.10.2 வைத்திருப்பவர் வீணாகப் பதிப்பை மாற்ற அலைவார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பதிப்பு எண் தசம எண் அல்ல. 3.10 என்பது “மூன்று புள்ளி பத்து”, 3.9 பதிப்புக்கு அடுத்தது. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் (YAML) கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், அது தசம எண்ணாக வாசிக்கப்பட்டு 3.1 ஆகிவிடும். 3.1 என்பது 2009ஆம் ஆண்டு வந்த பதிப்பு! ஆவணத்தில் தரும் மாதிரிக் கோப்புகளில் பதிப்பு எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். வாசகர் அதை அப்படியே நகலெடுக்கத்தான் போகிறார்.

உபுண்டு இயங்குதளத்தின் பதிப்பு எண் இன்னொரு வகை. 22.04 என்பது 2022 ஏப்ரல், 22.4 என்று சுருக்கக் கூடாது.

படி 3: “தற்போதைய”, “சமீபத்திய” ஆகியவற்றை நீக்குங்கள்

நீங்கள் எழுதிய அன்று சமீபத்தியது, வாசிக்கப்படும் அன்று பழையது. எண்ணை எழுதுங்கள்.

படி 4: எது எப்போது வந்தது, போனது என்று பிரித்துச் சொல்லுங்கள்

பைதானின் சொந்த ஆவணம் இதில் நல்ல முன்மாதிரி. எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது, எதில் கைவிடுவதாக அறிவிக்கப்பட்டது என்று அந்தந்தச் செயற்கூற்றின் கீழேயே குறித்திருப்பார்கள். அறிவிப்பும் நீக்கமும் ஒன்றல்ல. வலைப்பக்க நிரல்களுக்கான பழைய சிஜிஐ (cgi) தொகுதியைக் கைவிடும் அறிவிப்பு 3.11 பதிப்பில் வந்தது. அது நீக்கப்பட்டது 3.13 பதிப்பில்தான். 3.12 வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை வரும், ஆனால் நிரல் ஓடும். “3.11 முதல் இல்லை” என்று எழுதினால் அது பொய்.

படி 5: வேற்றுமை உருபு

3.9இல், 3.9-ல், 3.9ல் என்று ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவோம். உருபை எண்ணில் ஒட்டாமல் “3.9 பதிப்பில்” என்று எழுதிவிடுவது என் வழக்கம். தேடும்போதும் எண் தனியாகக் கிடைக்கும்.

இப்போது உங்கள் பழைய ஆவணத்தைத் திறந்து “மேல்” என்று தேடுங்கள். “மேலே”, “மேலாண்மை” எல்லாம் கூடவே வரிசையில் வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.