பூச்சிக்கு டி.என்.ஏ. பார்கோடு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மரபணுத் துண்டின் எழுத்து வரிசையைக் கொண்டு பூச்சியின் இனத்தை அறிவதே டி.என்.ஏ. பார்கோடு. மக்காச்சோளக் குருத்தில் கிடைத்த புழுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்துத் துண்டைப் படித்து, ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் தேடுகிறோம். 99 சதவீதப் பொருத்தத்தோடு ஒரு பெயர் முதல் வரியில் வருகிறது. பலர் அதையே எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

ஜென்பேங்கில் இருப்பது ஏற்றியவர் வைத்த பெயர். வகைப்பாடு தெரிந்தவர் அந்தப் பூச்சியைப் பார்த்தாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருவர் பிழையாக வைத்த பெயரை நம்பி அடுத்தவரும் தம் வரிசைக்கு அதையே சூட்டினால் பிழை பெருகிக்கொண்டே போகும். கீழே உள்ள வரிகளையும் படியுங்கள். அதே பொருத்தத்தில் வேறு பெயர் இருந்தால் முடிவை நிறுத்திவையுங்கள். உங்கள் பூச்சியின் வரிசையை யாருமே இதுவரை ஏற்றாமலும் இருக்கலாம். அப்போது முதலில் வருவது அதன் உறவுப் பூச்சிதான். பார்கோடுகளுக்கென்றே உள்ள போல்டு தளத்தில் பல பதிவுகளோடு படமும் மாதிரி இருக்கும் இடமும் கிடைக்கும். அதையும் பாருங்கள்.

முழுப் பூச்சியையும் அரைத்துவிடாதீர்கள். பெரும்பாலான பூச்சிகளுக்கு ஒரு கால் போதும். மீதி உடல் எண் சீட்டோடு பத்திரமாக இருந்தால்தான் சந்தேகம் வரும்போது திரும்பப் பார்க்க முடியும். ஃபார்மலினில் போடவே வேண்டாம், டி.என்.ஏ. கெட்டுவிடும். 95 சதவீத எத்தனால் நல்லது. புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருந்தால் குளவியின் வரிசை வரவும் வாய்ப்புண்டு.

வெட்டுக்கிளிகளில் இன்னொரு சிக்கல். மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் செயலற்ற பிரதிகள் உட்கருவில் ஒட்டிக்கிடக்கும், டி.என்.ஏ.வைப் பல மடங்காக்கும் பி.சி.ஆர். முறை அவற்றையும் பெருக்கிவிடும். வரிசையைப் புரதமாக மாற்றி, புரதத்தை முடித்துவிடும் நிறுத்தக் குறி நடுவில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது செயலற்ற பிரதியாக இருக்கலாம். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணையையே தேர்ந்தெடுங்கள். பொது அட்டவணையில் நல்ல வரிசையும் பழுதானதாகத் தெரியும்.

வரிசையில் 2 சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்று எல்லாப் பூச்சிக்கும் ஒரே கோடு கிழிக்காதீர்கள். சி.ஓ.ஐ. தாய்வழி மட்டுமே வருவது. இனங்களுக்குள் கலப்பு நடந்தாலோ, பூச்சியின் செல்லுக்குள் வாழ்ந்து தாய்வழி கடத்தப்படும் வோல்பாக்கியா பாக்டீரியா பரவினாலோ இரு வேறு இனங்கள் ஒரே பார்கோடோடு நிற்கும்.

சி.ஓ.ஐ.யை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவே சான்று. நெல், மக்காச்சோளம் என்று அதற்கு இரு உள்வகைகள். இங்கே மக்காச்சோளத்தில் பிடித்த பல புழுக்களை சி.ஓ.ஐ. நெல் வகை என்றது. உட்கருவில் உள்ள டி.பி.ஐ. மரபணு மக்காச்சோள வகை என்றது. முதல் சோதனையோடு நின்றிருந்தால் எந்தப் பயிருக்கு ஆபத்து என்ற கணிப்பே பிசகியிருக்கும். உள்வகையின் பெயரை எழுதுமுன் உட்கரு மரபணு ஒன்றையாவது சேர்த்துப் படியுங்கள்.