மார்கழிக் குளிரில் வேனிலேயே படுப்பதென்றால்: மலையகத்தில் இரவு வண்டி போடுகிறவர்கள் விடும் தவறுகள்

டிசம்பர் விடுமுறை தொடங்கினால் போதும், கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் மலையேறத் தொடங்கிவிடும். கேடிஎச் வேனின் பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டவர்கள், வாடகைக்குக் கேம்பர் வேன் எடுத்தவர்கள், டபுள் கெப்பின் மேல் கூடாரம் கட்டியவர்கள், ஏன், ஆட்டோவிலேயே சுருண்டு படுக்கும் வெள்ளைக்காரர்கள்கூட. விடுமுறைக் காலத்தில் நுவரெலியாவில் அறை எடுக்கிற காசுக்கு வண்டியிலேயே படுத்துவிடலாம் என்ற கணக்கு சரிதான். ஆனால் இரவு தங்கும் வண்டிகளுக்கென்று பலகை போட்டு ஒதுக்கிய இலவச இடங்கள் இங்கே வழக்கத்தில் இல்லை. எங்கே நிறுத்தினாலும் அது யாரோ ஒருவருடைய வாசல்தான்: தோட்டத்துடையது, கோயிலுடையது, பெற்றோல் ஷெட்காரருடையது, இல்லாவிட்டால் அரசாங்கத்துடையது. பாதித் தவறுகள் இதை மறப்பதில் வருகின்றன. மீதி, மலையையும் குளிரையும் கணக்கில் எடுக்காததால் வருபவை.

முதலில் நேரம். இருட்டிய பிறகு இடம் தேடுவது எல்லாத் தவறுக்கும் தாய். இந்த மாதங்களில் ஆறு மணி தாண்டியதும் வெளிச்சம் போய்விடும், ரம்பொடை, நானுஓயா, அம்பேவளைப் பக்கமெல்லாம் அதற்கு முன்பே மூடுபனி இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஹெட்லைட்டில் தெரிகிற முதல் சமதரையில் ஏற்றிவிடுகிறீர்கள். மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் எத்தனை அடி பள்ளம், காலுக்குக் கீழே மண்ணா சேறா, ஒன்றும் தெரியாது. நாலரைக்கெல்லாம் இடத்தைப் பார்த்து, ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் ஊர் சுற்றிவிட்டு வரலாம்.

அடுத்தது, ‘இங்கே ஆளில்லை, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற நினைப்பு. இரவு எட்டு மணிக்குத் தேயிலை மலையைப் பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, முன்னால் வண்டி திருப்பும் அளவுக்குச் சமமான முற்றம், இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று நினைத்து வேனை ஏற்றிவிடுவார்கள். அது கொழுந்து மடுவம், பறித்த கொழுந்தை நிறுக்கிற இடம். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் நான் பார்த்த காட்சி இது. மடுவத்துக்குக் குறுக்கே ஒரு வேன், கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாக, உள்ளே நல்ல நித்திரை. காலை நிறுவை நேரம். சாக்கு நிறையக் கொழுந்தோடு வந்த பெண்கள் தூறலில் நிற்கிறார்கள், லொறிக்காரர் ஹோன் அடிக்கிறார், கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் தட்டுகிறார். கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டிய ஒரு பையன், “அங்கிள், இன்னும் பத்து நிமிஷம்” என்றான். அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

தோட்டத்து ரோடுகள் பலதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவை. சிலவற்றில் இரவானதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே போனவர் விடியும்வரை உள்ளேதான். யாரிடம் கேட்பது என்பதிலும் பலர் தவறு விடுகிறார்கள். லயத்துப் பக்கம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போய்க் கேட்டால், “அதுக்கென்ன, தாராளமா போடுங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றுதான் சொல்வார்கள், நம் ஆட்களின் குணம் அது. ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மறுநாள் தொரை, அதாவது தோட்ட மனேஜர், கேள்வி கேட்டால் பேச்சு வாங்குவது அந்தக் குடும்பம்தான், நீங்கள் எல்ல டவுனுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஆகவே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கேட்டில் நிற்கும் வாட்சரிடம் போங்கள், ஒப்பீஸ் திறந்திருந்தால் அங்கே போங்கள். “அண்ணே, ராவைக்கு மட்டும் வண்டிய இந்த ஓரமா போட்டுக்கிறலாமா? அடுப்பு பத்த வைக்க மாட்டோம், விடியக் காத்தால கெளம்பிருவோம்.” எத்தனை பேர், எப்போது வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் வேலை சுலபம். முடியாது என்றால் முடியாதுதான், அங்கே நின்று வாதாடாதீர்கள். வெலிமடைப் பக்கம் போகிறவர்கள் இதையே சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. அடையாள அட்டை, வண்டியின் ரெவனியூ லைசன், இன்சூரன்ஸ் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ரோந்து வரும் பொலிஸ் கேட்பது அதைத்தான்.

ரோட்டு வளைவில் அகலமாக இருக்கும் ‘வியூ பொயின்ட்’ இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் எடுக்க நல்ல இடம், படுக்க மோசமான இடம். நுவரெலியா, வெலிமடை மரக்கறி லொறிகள் ஓடுவதே நடுச்சாமத்தில்தான். மூடுபனியில் கொண்டை ஊசி வளைவை ஒடித்துத் திரும்பும் லொறிக்கு, ஓரத்தில் விளக்கணைந்து நிற்கும் உங்கள் வேன் கடைசி நொடியில்தான் தெரியும். சரிவான இடமென்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து, பள்ளப் பக்கமாகச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். போகும்போது அந்தக் கல்லை ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பாவம்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. வண்டியை நிறுத்துகிறவர்கள் கீழே பார்க்கிறார்கள், மேலே பார்ப்பதில்லை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை, அதுவும் பதுளை மாவட்டம் அதற்கு நேர் முகம் காட்டி நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் இடிந்தன, பல இடங்களில் மண் இன்னும் இளகித்தான் கிடக்கிறது. அதனால் போன வருஷம் நண்பர் ஒருவர் படுத்த இடம், பழைய வரைபடத்தில் புள்ளி வைத்த இடம் என்று நம்பிப் போகாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. செம்மஞ்சள் வந்த பிரிவில் இலவச இடம் தேடுவது முட்டாள்தனம், அன்றைக்குக் காசு கொடுத்து டவுனில் பாதுகாப்பான ஓர் அறையை எடுங்கள். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள் உண்டு: சாய்ந்த மரமும் மின்கம்பமும், தரையிலும் மதிலிலும் புது வெடிப்பு, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் தண்ணீர் கசிவது. வெட்டிய மண்மேட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிறுத்துவதும், கல் உருண்டு கிடக்கும் இடத்தில் ‘சமமாக இருக்கிறதே’ என்று நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மழை விட்டுவிட்டது என்பதற்காக மண் நின்றுவிடாது, ஊறிய மலை பிறகும் இறங்கும்.

தண்ணீரோரமும் அப்படித்தான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையில் காய்ந்து வெடித்த சேறு வண்டி தாங்கும்போல் இருக்கும், ஒரு மழைக்குப் பிறகு சக்கரம் அச்சுவரை புதையும். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குக் கீழே ஆற்றோரம் படுக்கவே கூடாது. மேலே பலமாக மழை பெய்தால் வான்கதவு திறப்பார்கள், உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே ஆறு ஏறும்.

குளிருக்கு வருவோம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கிற இரவுகளில்தான் புல் மேல் உறைபனி படியும், தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகும். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காற்று அடிக்காத குழிவான இடமாகப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் அதிகம், உறைபனி முதலில் விழுவதோ அங்கேதான். சரிவின் நடுவில், பாதுகாப்பான ஒரு மேடையான இடம், கிழக்குப் பார்த்ததாக இருந்தால் காலை வெயிலும் முதலில் கிடைக்கும். சின்ன டின் கேஸ் அடுப்பை நம்பிப் போகிறவர்கள் கவனிக்க: அதில் பெரும்பாலும் இருக்கிற பியூட்டேன் 0 பாகையை நெருங்கினாலே ஒழுங்காக ஆவியாகாது, விடியற்காலையில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்காது. டின்னைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், நெருப்பில் காட்டாதீர்கள்.

அந்தக் குளிருக்குப் பயந்து செய்யும் ஒரு காரியம் ஆளையே கொன்றுவிடும். பாபிகியு போட்ட கரிச்சட்டியைத் தணல் ஆறட்டும் என்று வேனுக்குள் எடுத்து வைப்பது, அடுப்பை எரியவிட்டுப் படுப்பது, ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது, மூன்றும் ஒன்றுதான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலி, மயக்கம் என்று தொடங்கும்போதே எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். புகைக்குழாய் மண்மேட்டுக்கு எதிரே இருந்தால் இன்னும் மோசம், புகை திரும்பி அடியால் உள்ளே வரும். என்ஜினை நிறுத்துங்கள், அடுப்பை வெளியே வையுங்கள், எதிரெதிர்க் கண்ணாடிகளை விரலளவு திறந்து விடுங்கள். அப்படிச் செய்தால் கண்ணாடியில் ஆவி படிந்து காலையில் மெத்தை ஈரமாவதும் குறையும். சூடு வேண்டுமென்றால் இன்னொரு கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

சரி, எங்கேதான் போடுவது? என்னைக் கேட்டால் டவுனுக்குப் பக்கத்துப் பெற்றோல் ஷெட்தான் முதலிடம். வெளிச்சம் இருக்கும், கழிப்பறை இருக்கும், இரவு ஆள் இருக்கும். சாயந்தரமே டாங்கி நிறைய அடித்துவிட்டு, மனேஜரிடம் கேளுங்கள், அநேகமாகச் சரி என்பார். நிலத்தடித் தாங்கியின் மூடி இருக்கும் பக்கம் மட்டும் போடாதீர்கள், எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வந்தால் உங்களை எழுப்புவார்கள். அங்கே அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் முற்றமும் நல்ல இடம், நிர்வாகத்தில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, மச்சம் (மீன், இறைச்சி), மதுபானம் இல்லாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் மார்கழியில் விடியச் சாமத்திலேயே ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கும், ஸ்பீக்கர் கட்டிய மரத்துக்குக் கீழே வண்டி போட்டுவிட்டுப் பிறகு குறை சொல்லக்கூடாது. ரயில் நிலைய முற்றத்தில் இடமிருந்தால் ஸ்டேசன் மாஸ்டரைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடிகாலையிலேயே நுழைய நினைக்கிறவர்கள் பூங்காவுக்குள் எங்காவது ஓரமாகப் படுத்துவிடலாம் என்று கனவு காணவேண்டாம். அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே இரவு தங்க முடியாது, சிறுத்தை நடமாடும் இடமும்கூட. பட்டிப்பொல அல்லது ஒஹிய ஊர்ப்பக்கத்தில் அனுமதி கேட்டுத் தங்கிவிட்டு இருட்டோடு பூங்கா வாசலுக்குப் போவதே முறை. சிவனொளிபாத மலைக்கு, அதாவது நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் நாளைப் பார்த்துப் போங்கள். டிசம்பர்ப் பௌர்ணமியான உந்துவப் போயாவுக்குத் தொடங்கும் யாத்திரைப் பருவம் வெசாக் போயா வரை நீளும். வார நாளில் போனால் இடமும் இருக்கும், இரவு முழுக்கக் கடையும் வெளிச்சமும் இருக்கும். போயாவிலும் வார இறுதியிலும் போனால் மஸ்கெலியா ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் நின்று, மலையேறி இறங்கிய பிறகும் உங்கள் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆகவே மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்தே நிறுத்துங்கள்.

கடைசியாக ரோட்டோரப் பீலி, அதாவது மலைத்தண்ணீர் வந்து விழும் குழாய். அந்தத் தண்ணீரில் முகம் கழுவலாம், போத்தல் நிரப்பிக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், சவர்க்காரம் போட்டுப் பாத்திரம் கழுவாதீர்கள், கீழே ஒரு லயமே அதைப் பிடித்துத்தான் சமைக்கிறது. மிச்சச் சாப்பாட்டைப் புதருக்குள் கொட்டினால் காட்டுப்பன்றியும் நாயும் வரும், நாய் வந்தால் அதைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். பெப்ரவரியில் மானாப்புல் காய்ந்திருக்கும், அதனால் வெளியே விறகு கூட்டிக் குளிர் காய்வதும் வேண்டாம். ஓங்கி வளர்ந்த மரத்தடியில் நிறுத்துவதற்கு முன் டோர்ச் அடித்துக் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், பகலில் பார்ப்பது இன்னும் நல்லது. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும் என்பதால் எங்கே தங்குகிறீர்கள் என்பதை டவுனை விட்டு ஏறுவதற்கு முன்பே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.