மறுபடி மறுபடி பின்வாங்கிப் போறவங்க திரும்பி வர்றது எப்படி

சர்ச்சுல டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில இனிமே பாவம் பண்ணமாட்டேன்னு அழுது என்னை கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பேன், பொங்கல் வர்றதுக்குள்ள பழைய ஆளா ஆயிடுவேன். ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. உங்களுக்கும் இப்படித்தான்னா இது உங்களுக்காகத்தான் எழுதுறேன். நான் போதகர் இல்ல, வேலூர்ல இருந்து தினம் கம்பெனி பஸ்ல ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய் வர்ற ஆளு.

முதல்ல, விழுந்த அன்னைக்கே திரும்பிடுங்க. இந்த மூஞ்சிய வெச்சினு எப்படி ஜெபம் பண்றது, கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுவோம், அந்த கொஞ்ச நாளே ஆறு மாசம் ஆயிடும். சீஷன் பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சதும், இன்னொரு சீஷன் யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்ததும் ஒரே ராத்திரி, ரெண்டு பேருமே மனசு உடைஞ்சாங்க, ஆனா பேதுரு மத்த சீஷருங்க கூடவே இருந்தாரு, கரையில நிக்கிறது கர்த்தர்னு தெரிஞ்சதும் படகு போய் சேர்ற வரைக்கும் கூட பொறுக்காம கடல்ல குதிச்சிட்டாரு. யோவான் 18-லயும் 21-லயும் கரிநெருப்புன்னு வரும் பாருங்க. மறுதலிச்சப்போ குளிர் காஞ்சது ஒரு கரிநெருப்பு, திரும்ப சேத்துக்கிட்டப்போ மீன் வெந்தது இன்னொரு கரிநெருப்பு. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

சர்ச்சுல அப்பமும் ரசமும் குடுக்கற திருவிருந்துக்கும் இதேதான். இந்த மாசம் தகுதி இல்லன்னு பின் பெஞ்சுலயே உக்காந்துடாதீங்க. 1 கொரிந்தியர் 11:28 தன்னை சோதிச்சுப் பாத்து புசிக்கத்தான் சொல்லுது, சோதிச்சுட்டு வீட்டுக்குப் போவ சொல்லல.

அடுத்தது கஷ்டமான வேலை, ஒரே ஒரு ஆள்கிட்டயாவது வாய் திறந்து சொல்லணும். என் பாவம் போன்ல ரம்மி. சம்பளம் வந்த ரெண்டாம் நாளு 4,200 ரூபா போச்சு, வீட்டம்மாகிட்ட பி.எஃப். பிடிச்சிட்டாங்கன்னு பொய் சொன்னேன், அன்னைக்கு குடும்ப ஜெபத்துல பாட்டு வேற நான்தான் எடுத்துக் குடுத்தேன். மறுநாள் தாங்க முடியாம சித்தப்பாகிட்ட போய் சொன்னேன். அவர் திட்டல. "எவ்ளோ போச்சு"ன்னாரு, சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா"ன்னாரு, இல்லன்னேன். "வா, நானும் வரேன்"னு சட்டைய மாட்டினாரு. அப்படிப்பட்ட ஆளத் தேடுங்க, கேட்டு அதிர்ச்சி ஆவறவங்களும் வேணாம், ஜெபக் குறிப்புன்னு நாலு பேருக்குப் பரப்பறவங்களும் வேணாம்.

வழியயும் அடைக்கணும். ஆப்பை அழிச்சா பத்தாது, நான் திரும்ப திரும்ப போட்டிருக்கேன். இப்போ சம்பளம் வீட்டம்மா கணக்குக்குப் போவுது, ராத்திரி போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்குது.

ஜெபத்தை சின்னதா வைங்க. நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம்னு பொருத்தனை பண்ணி மூணாம் நாளே நான் விட்டிருக்கேன். இப்போ பஸ் பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள சங்கீதம் 119-ல ஒரு பாகம், எட்டு வசனம்தான், மொத்தம் 22 பாகம், ஒரு நாள் விட்டாலும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்பேன்.

இன்னொன்னு, சோர்வை எல்லாம் பாவம்னு நினைச்சுக்காதீங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ சாவணும்னு கேட்டப்போ தேவதூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும், அப்புறம் மறுபடி தூங்க விட்டாரு. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்து ஜெபத்துல தூங்கிட்டா அதுக்காக அழாதீங்க.

மனசு வறண்டு போய் வார்த்தையே வராத நாளும் இருக்கும். சின்ன வயசுல ஆயா கூட பாலாத்துக்குப் போவேன், மேல பாத்தா வெறும் மணல்தான், ஆயா உக்காந்து கையால ஊத்து தோண்டும், முழங்கை ஆழத்துல ஈரம் தட்டும், முதல்ல சேறாத்தான் வரும், அதை சொம்பால எறைச்சி எறைச்சி ஊத்திட்டு பேசாம உக்காந்திருக்கும், கொஞ்ச நேரத்துல தெளிஞ்ச தண்ணி ஊறும். என் ஜெபமும் முதல் அஞ்சு நிமிஷம் சேறுதான், கடன், கோவம், சூபர்வைசர், எல்லாம். அதையே கர்த்தர்கிட்ட சொல்லிக் கொட்டிடுவேன், எழுந்து மட்டும் போவமாட்டேன்.

இன்னும் விழாம ஒண்ணும் இல்ல. போன வியாழக்கிழமை கூட சித்தப்பாவுக்கு போன் போட்டேன், ராத்திரி பத்தரை மணி, ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டாரு.