படத்திருத்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துபவர், சோலைக்காடுகளில் பறவைகளைப் படமெடுப்பவர், திருமண ஆல்பம் செய்துதரும் ஸ்டுடியோக்காரர் ஆகிய மூவரின் தேவையும் வேறுவேறு. ஆயினும் மூவருமே முதலில் விசாரிப்பது ஃபோட்டோஷாப்பைத்தான். பெயரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கமே முதல் தவறு. 1990இல் வெளிவந்த அந்த மென்பொருள், படங்களை அடுக்கடுக்காக இணைப்பதற்கும் பின்னணியை மாற்றுவதற்கும் பெயர்பெற்றது. ஆகவே ஸ்டுடியோக்காரருக்குப் பொருந்தும். பறவைப் படக்காரரோ ஒரே காலையில் நூற்றுக்கணக்கான படங்களுடன் திரும்புபவர். அவற்றில் தேறாதவற்றைக் கழித்து, மற்றவற்றின் ஒளியையும் நிறத்தையும் மொத்தமாகச் சீராக்க அவருக்கு லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவையே ஏற்றவை. அறைகளின் படங்களை இணையத்தில் ஏற்றும் விடுதிக்காரருக்குக் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் போதும். அவர் மாதச் சந்தா கட்டுவது தண்டச்செலவு.

மலைப்பகுதியினர் தவறாமல் பார்க்க வேண்டியது கோப்பின் வகை. தூண் பாறையில் மூடுபனி கவிந்திருக்கும்போது எடுத்த படத்தில் பாறையும் வானமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். படத்தின் ஒளி அளவுகள் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்தால் அதிலுள்ள மேடு முழுவதும் ஓரிடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அந்தக் குறுகிய பகுதியை விரித்தால்தான் பாறையின் வடிவம் வெளிப்படும். சுருக்கிச் சேமிக்கப்படும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பிலோ 16,384 உள்ளன. அதனால்தான் ஜேபெக்கை அளவுக்கு மீறி விரிக்கும்போது பனிப்பரப்பில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. ரா கோப்பில் படமெடுப்பவர், தம் கேமராவின் மாடலை வாங்கவிருக்கும் மென்பொருளின் பதிப்பு ஆதரிக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். கேனான் 2018இல் கொண்டுவந்த சிஆர்3 என்னும் ரா கோப்புகளைப் பழைய மென்பொருள் பதிப்புகளால் திறக்க முடியவில்லை. இலவசமான கிம்ப்கூட ரா கோப்பைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ராதெரப்பியின் துணையை நாடுகிறது.

பனியை விலக்கும் டீஹேஸ் வசதியை மட்டும் நம்பி மென்பொருள் வாங்குவோரும் உண்டு. அதைக் கூட்டக் கூட்ட நிறம் திரிந்து, நிழற்பகுதிகளில் புள்ளிகள் மேலெழும். பனியை முழுக்கத் துடைத்தெடுத்த கொடைக்கானல் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது வேறு கேள்வி.

கணினியின் திறனையும் இணைய வசதியையும் மறந்துவிடுவது இன்னொரு தவறு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புள்ளிகளை நீக்கும் வசதி, நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். படத்தில் இல்லாததை வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் போன்றவை இணையம் வழியே இயங்குவதால், சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் உதவாது. சந்தா முறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக்கின் சந்தாவை நிறுத்தினால் படங்கள் உங்களிடமே இருக்கும். ஆனால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டப்பட்டுவிடும். அதில் செய்த திருத்தங்களும் வேறொரு மென்பொருளில் அப்படியே தெரியா.

படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோர், அச்சில் நிறம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிக் காட்டும் சாஃப்ட் புரூஃபிங் வசதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கிலும் டார்க்டேபிளிலும் அது உண்டு. குறிஞ்சிப் பூவின் நீலஊதா திரையில் பளிச்சென்று தெரிந்தாலும், நான்கு மை அச்சில் மங்கிவிடக்கூடியது. 2018இல் பூத்தபோது எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட நினைப்பவர், மென்பொருளின் சோதனைக் காலத்திலேயே அந்தப் படத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.