கைவிரல்களில் முடக்கு வாதம்: முதல் நாளிலிருந்து என்ன செய்வது?

என் அம்மா நாள்தோறும் பூ கட்டுபவர். வீட்டுச் சாமிக்கும், கேட்டு வரும் அக்கம்பக்கத்தாருக்கும் உதிரி மல்லிகை வாங்கி அவரே தொடுப்பார். ஒரு மார்கழியில் நார் முடிச்சு விரலில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. "பனிக்கு விரல் விறைக்கிறது" என்றார். தை போனது, மாசி போனது, பனியும் போனது, விறைப்பு போகவில்லை. யூரிக் அமிலம் என்றார் ஒருவர். வயதானால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். தைலமும் வலி மாத்திரையுமாக 7 மாதங்கள் கழிந்தன. நோயின் பெயர் எங்களுக்குத் தெரிந்தபோது, வலது சுட்டுவிரல் கணுவில் எலும்பு அரித்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. அரித்த எலும்பு பழையபடி ஆவது அரிது. அந்த 7 மாதங்கள் உங்கள் வீட்டிலும் வீணாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. 5 ஆண்டுகளாக அம்மாவோடு மருத்துவமனைக்குப் போய் வந்ததில் கற்றதை வரிசைப்படுத்தியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒவ்வொரு மூட்டின் உட்புறத்தையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மூட்டு உராயாமல் அசைவதற்கான வழவழப்பான திரவத்தைச் சுரப்பது அதுதான். முடக்கு வாதத்தில், கிருமிகளோடு போரிட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு ஆற்றல் இந்தச் சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, அதையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கிறது. விரல்களை இயக்கும் தசைநாண்களின் உறையிலும் இதே வகைச் சவ்வு உண்டு, அதுவும் வீங்கும். வலி மாத்திரை வலியையும் ஓரளவு வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தாது. இந்த ஒன்றை அன்றே புரிந்துகொண்டிருந்தால் நாங்கள் 7 மாதங்கள் தைலத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

படி 1: கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் நல்ல வெளிச்சத்தில் இரு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்துக் கணுக்கள், விரல்களின் நடுக்கணுக்கள், மணிக்கட்டு ஆகிய மூன்றும் இந்த நோய் முதலில் பிடிக்கும் இடங்கள். நகத்தை ஒட்டிய நுனிக்கணு பெரும்பாலும் தப்பிவிடும். அந்த நுனிக்கணுவில் கல்போலக் கெட்டியான புடைப்பு இருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முடக்கு வாத வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும். பெரும்பாலும் இரு கைகளிலும் வரும்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். எழுந்த நேரத்தையும், விரல்நுனிகள் உள்ளங்கையைத் தொடும்படி கையை மூட முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தின் விறைப்பு அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். முடக்கு வாதத்தில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். அம்மாவுக்குக் காலைக் காப்பி டம்ளரைப் பிடிக்கவே ஒன்பது மணி ஆகும்.

மூன்றாவது சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். கைகுலுக்குவதுபோல உங்கள் கையைப் பிடித்து, கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். சுளீரென்று வலித்தால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

வலி தொடங்குவதற்கு முன் கடும் காய்ச்சல் வந்ததா என்றும் யோசியுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு வரும் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து, அச்சு அசலாக முடக்கு வாதம்போலவே இருக்கும். 2006இல் அந்தக் காய்ச்சல் கண்டவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 2: சரியான மருத்துவரிடம் போங்கள்

இதற்கென்றே மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர்கள், அதாவது ருமட்டாலஜிஸ்ட்கள், இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறையே உண்டு. கணுக்களில் வீக்கம் இருந்தால் வாரங்களைக் கடத்தாதீர்கள். முதல் 3 முதல் 6 மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களின் விரல்கள் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டும் உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற இரண்டும் நோயை அடையாளம் காண உதவும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் "நெகட்டிவ்" என்று வந்தாலும் முடக்கு வாதம் இருக்கலாம். நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படித்தான். நோயே இல்லாத முதியவர் சிலருக்கு அது "பாசிட்டிவ்" என்றும் வரும். ஆகவே ஆய்வக அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரல்களுக்குத் தெரிவது தாளில் இருக்காது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம். அப்போது கணுக்களை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

படி 3: மருந்தைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

பெரும்பாலானோருக்கு முதலில் எழுதித் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். இது நோயின் போக்கையே மாற்றும் மருந்து. மருந்துக்கடையிலோ உறவினரோ "இது புற்றுநோய் மருந்தாயிற்றே" என்று சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டு இரண்டு வாரம் மாத்திரையைத் தொடவே இல்லை. புற்றுநோய்க்கும் இதைக் கொடுப்பது உண்மைதான். அங்கே தரும் அளவு பல மடங்கு அதிகம். முடக்கு வாதத்துக்குச் சிறிய அளவில், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தருகிறார்கள்.

இந்த மருந்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவிலிருந்துதான் 1940களில் இது பிறந்தது. 1948இல் அவர் காலமானார். முடக்கு வாதத்துக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 1988இல். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் அவர் மாத்திரையைக் கையில் எடுத்தார்.

இனி மிக முக்கியமானது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு. தினசரி நாட்காட்டியின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் முன்கூட்டியே "மாத்திரை" என்று எழுதிவிடுவோம். சாப்பிட்ட பிறகுதான் அந்தத் தாளைக் கிழிப்போம். தினமும் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு இதை ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

இதனோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகளை அது குறைக்கும். இரண்டும் மஞ்சளாகவும் சிறியதாகவும் இருந்து குழப்பலாம் என்பதால் அட்டையிலுள்ள பெயரைப் படித்துப் பிரியுங்கள். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் உரிய பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வறட்டு இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், ஆறாத வாய்ப்புண் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு தருவதுண்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, படுக்கையிலிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஹென்ச்சுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்டீராய்டை நீண்டகாலம் எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். நாமாகத் தொடரவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. இரண்டே நாளில் வலியைப் பறக்கவைக்கும் பெயரில்லாத பொடிகளை நான் நம்புவதில்லை. அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் போதாவிட்டால் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனோமைடு ஆகியவை உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கும் மேல், நோய் எதிர்ப்பு ஆற்றலின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள். அவற்றுக்கு முன் உடலில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

படி 4: விரல்களுக்கு வேலை கொடுங்கள்

வலிக்கிற கையை அசைக்காமல் வைப்பதே நல்லது என்று நினைத்தோம். தவறு. பிரிட்டனில் 490 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தோடு 7 அசைவுப் பயிற்சிகளும் 4 வலுவூட்டும் பயிற்சிகளும் செய்தவர்களின் கைகள் கூடுதலாக மேம்பட்டன. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அம்மா செய்பவற்றில் சில:

- வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் கையை வைத்துவிட்டுத் தொடங்குவார்.
- விரல்களை நேராக நீட்டி, நுனிகளை மட்டும் கொக்கிபோல மடக்கி, பிறகு முழுதாக மூடி, மீண்டும் நீட்டுவது.
- உள்ளங்கையை மேசையில் பதித்து, ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது. இந்நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாயும்; இது அதற்கு எதிர்த்திசை.
- மணிக்கட்டைச் சுழற்றுவது.
- பிசைந்த மாவு உருண்டையை மெல்ல அமுக்குவது.

கணு சூடாக, சிவந்து வீங்கியிருக்கும் நாட்களில் அமுக்கும் பயிற்சி வேண்டாம். மென்மையான அசைவு போதும். அன்றைக்கு வெந்நீரைவிடத் துணியில் சுற்றிய பனிக்கட்டி இதமாக இருக்கும்.

படி 5: வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுங்கள்

விரல் தூக்கும் சுமையை மணிக்கட்டுக்கு, மணிக்கட்டின் சுமையை முழங்கைக்கு, தோளுக்கு மாற்றுவதுதான் இதன் சூத்திரம். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டுங்கள். பாத்திரத்தை ஒரு கையால் விளிம்பில் கிள்ளித் தூக்காமல் இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். துணியை முறுக்கிப் பிழிவது விரல்களைச் சாய்க்கும் வேலை; குழாயில் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி நீரை வடியுங்கள். கரண்டி, கத்தி, பேனா ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. ஊறுகாய் ஜாடி மூடியின்மேல் ஈர ரப்பர் துணியை வைத்து, உள்ளங்கையைப் பதித்துத் தோளால் திருப்புங்கள். தேங்காய் துருவுவதையும் சப்பாத்தி மாவு பிசைவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் அப்பாவின் வேலை ஆகிவிட்டது.

படி 6: உடனே ஓட வேண்டிய நேரங்கள்

ஒரு விரலைத் திடீரென நீட்டவே முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். ஒரே ஒரு மூட்டு கடுமையாகச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அதுவும் அவசரம். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று பொருள். தூங்கும்போது மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் இரவுப் பட்டை உதவும். வெகுவாகச் சிதைந்த கணுக்களுக்குச் சிலிக்கோன் மூட்டு பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்தெந்தக் கணு வீங்கியது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று வாரம் ஒரு வரி போதும். அம்மாவின் நோட்டில் முதல் பக்கத்தில் "90 நிமிடம், நார் பிடிக்கவில்லை" என்று இருக்கிறது. போன வாரத்து வரி: "10 நிமிடம், இரண்டு முழம் கட்டினேன்."