ஊர்ச் சங்கங்களிடம் மீட்சி பற்றிக் கருத்தாய்வு: மூதூர்ப் பக்கம் செய்து பார்த்த முறை

போர் பட்ட ஊர்களில் சங்கங்களிடம் மீட்சி பற்றிக் கேட்கப் போகும் புதியவர்களுக்கு இது. நான் செய்து பார்த்தது இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம். மாதிரி எடுப்பது, படிவம் அமைப்பது போன்ற அடிப்படைகளை விட்டுவிடுகிறேன்.

முதலில் பட்டியல்

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பற்றிய விவரம் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் திணைக்களத்தைக் கேளுங்கள். அதை மட்டும் நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். றப்பர் முத்திரை மட்டும் மிஞ்சிய சங்கங்கள் அதில் இருக்கும். மாதாமாதம் கூடுகிற மரண உதவிச் சங்கம் இருக்காது. கூட்ட அறிக்கைக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு கூட்டமாவது நடந்திருந்தால்தான் நான் சேர்ப்பேன்.

கேள்விகள் (இங்கேதான் எல்லாம் குழம்பும்)

“உங்கள் ஊர் மீண்டுவிட்டதா?” என்றால், எதிலிருந்து? 2004 சுனாமி, 2006 சண்டை, 2022 பொருளாதார நெருக்கடி மூன்றையும் ஒரே சங்கம் பார்த்திருக்கிறது. வீடு கிடைத்ததா என்று கேட்டால் சுனாமி வீட்டைச் சொல்வார்கள். நீங்கள் அதைப் போர்க்கால மீள்குடியேற்றக் கணக்கில் பதிந்துவிடுவீர்கள். ஆகவே “2006-இல் ஊரை விட்டுப் போனீர்களே, அதற்குப் பிறகு…” என்று ஒவ்வொரு பகுதியையும் ஒரு சம்பவத்தோடு கட்டுங்கள்.

திரும்பி வந்த ஆண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். 2006 ஆகஸ்டில் மூதூர் நகரிலிருந்து கந்தளாய்க்கு ஓடியவர்கள் ஓரளவு சீக்கிரம் திரும்பினார்கள். சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்துவிட்டு 2015, 2016-இல்தான் சொந்தக் காணிக்கு வந்தார்கள். இரண்டு சங்கங்களிடமும் “கடந்த பத்து ஆண்டில் என்ன முன்னேற்றம்?” என்று கேட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

போர் முடியுமுன்பே கேட்பதாக இருந்தால் தேதி இன்னும் முக்கியம். அப்படிக் கேட்பது புதிதல்ல. வடக்கு கிழக்கின் தேவைகளைப் போர்நிறுத்தக் காலத்தில், 2003-இல் மதிப்பிட்டார்கள், அந்த ஜூனிலேயே டோக்கியோவில் நன்கொடையாளர் மாநாடும் நடந்தது. மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டுச் சண்டை மீண்டும் மூண்டது அதற்குப் பிறகு, 2006-இல். உக்ரைன் மீட்சி மாநாடு லுகானோவில் கூடியது 2022 ஜூலையில், முழு அளவிலான போர் தொடங்கிய அதே ஆண்டில். இப்படியான இடத்தில் இந்த மாதப் பதில் அடுத்த மாதம் செல்லாது. பேட்டி எடுத்த தேதி படிவத்தில் தானாகப் பதிவாக வேண்டும்.

படிவம்

கூகுள் ஃபோர்மை மறந்துவிடுங்கள். கோபோடூல்பாக்ஸ்தான் என் தெரிவு: சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் நிரப்பி, பிறகு அனுப்பலாம். கேள்விகளை யாராவது பாமினியில் (பழைய தமிழ் எழுத்துரு) டைப் செய்து தந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். அப்புறம், ஒவ்வொரு கேள்விக்கும் நிரல் பெயரை (எக்செலில் மேலே வரும் தலைப்பு) ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். தமிழ்க் கேள்வியிலிருந்து கோபோ தானாக எடுக்கும் பெயர் வெறும் அடிக்கோடும் எண்ணுமாக இருக்கும். எக்செலில் திறந்தால் எது எந்தக் கேள்வி என்று தலை சுற்றும்.

யாரிடம் கேட்பது

தலைவர் கதிரை போட்டு உட்கார்த்திப் பேசுவார். கணக்கு பொருளாளரிடம் இருக்கும், கூட்டத்துக்கு யார் வருவதில்லை என்பது செயலாளருக்குத் தெரியும். மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பதிலோடு பெயர், போன் இலக்கம், ஜிபிஎஸ் வேண்டாம். எந்த இலக்கம் எந்தச் சங்கம் என்பதை வேறு கொப்பியில் வையுங்கள். ஒரு கிராமத்தில் ஒரேயொரு விதவைகள் சங்கம் இருந்தால் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அறிக்கையில் பிரதேச செயலகப் பிரிவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

பிற்சேர்க்கை: “ஒரே ஆள் மூன்று சங்கத்துக்குத் தலைவராக இருந்தால்?” என்று கிண்ணியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அடிக்கடி நடக்கிற விஷயம்தான். அவரிடம் ஒரு சங்கத்துக்கு மட்டும் பேட்டி எடுங்கள்; மற்ற இரண்டுக்கும் செயலாளர்களைப் பிடியுங்கள். சேருவில, கோமரங்கடவல போகிறவர்கள் படிவத்தை மெஷினில் சிங்களத்துக்கு மொழிபெயர்த்து நம்ப வேண்டாம். அந்த ஊர் ஆள் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் தடுமாறுகிற கேள்விகளைத் திருத்துங்கள்.